கிட்டாருக்கான கிளாம்ப்களை நாமே செய்துகொள்வது: முழுமையான வழிகாட்டி

முதன்முதலாக ஒரு கிட்டாரின் மேற்பலகையை ஒட்டிய நாளில், பசை காயும்வரை பாகங்களை அழுத்திப் பிடிக்கும் இரும்பு கிளாம்ப்கள் என்னிடம் ஆறு இருந்தன. தேவைப்பட்டதோ முப்பதுக்கும் மேல். அது தெரியவந்தபோது விளிம்பு முழுக்கப் பசை தடவியாகிவிட்டது. ஆறையும் மாட்டி, கை வலிக்கத் திருகி, மீதி இடங்களில் தடித்த அகராதிகளையும் இஸ்திரிப்பெட்டியையும் ஏற்றி வைத்தேன். மறுநாள் எடுத்துப் பார்த்தால், இடுப்பு வளைவில் ஒரு அஞ்சலட்டை தாராளமாக நுழைந்தது. இரும்புத் தாடை அழுத்திய இடங்களில், ஸ்புரூஸ் பலகையில் காசு பதித்ததுபோல் ஆறு வட்டப் பள்ளங்கள்.

அந்தப் பள்ளங்கள்தான் எனக்கு ஆசான். கிட்டாரின் மேற்பலகை மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான தடிமன் கொண்ட மென்மரம். அதைப் பல இடங்களில் இதமாகப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடிக்கிற கிளாம்ப்களைக் கடையில் வாங்குவதைவிடச் செய்துகொள்வது எளிது. மரத்துண்டு, போல்ட், பிவிசி குழாய், பழைய சைக்கிள் டியூப், தோல் துண்டு ஆகியவை இருந்தால் வேலையின் பெரும்பகுதி முடிந்துவிடும்.

எவ்வளவு அழுத்தம்?

மென்மரத்தை ஒட்டச் சதுர சென்டிமீட்டருக்கு 7 முதல் 10 கிலோ வரை அழுத்தம் தரச் சொல்வது மரப்பசைத் தயாரிப்பாளர்களின் வழக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 மி.மீ. அகலமும் 30 செ.மீ. நீளமும் உள்ள ஒரு பிரேஸின் (மேற்பலகையின் உட்புறத்தில் ஒட்டும் தாங்குச்சட்டம்) அடிப்பரப்பு 24 சதுர செ.மீ. அந்தக் கணக்கின்படி அதற்குக் குறைந்தது 168 கிலோ வேண்டும். எந்த கிட்டார் பட்டறையிலும் அப்படி யாரும் அழுத்துவதில்லை. கணிசமாகக் குறைந்த அழுத்தத்திலேயே பிரேஸ்கள் பல்லாண்டுகள் நிற்கின்றன. இழைப்புளியும் உப்புத்தாளும் கொண்டு இரு பரப்புகளும் முன்கூட்டியே ஒன்றோடொன்று பொருத்தப்பட்டிருப்பதே அதற்குக் காரணம். பொருந்தாத இணைப்பை கிளாம்ப் நசுக்கி மூடும். அதைக் கழற்றிய பிறகு மரம் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பசையோடு இழுபறி நடத்திக்கொண்டே இருக்கும்.

எனவே இனி வரும் எந்த கிளாம்பைப் பயன்படுத்தினாலும் முதலில் பசையில்லாமல் ஓர் ஒத்திகை பாருங்கள். எல்லாவற்றையும் மாட்டியபின், இணைப்பில் ஒரு மெல்லிய காகிதத் துண்டு நுழைகிறதா என்று சுற்றிலும் சோதியுங்கள். நுழைந்தால் திரும்ப இழைப்புக்குப் போக வேண்டும். மஞ்சள் மரப்பசை காற்றுப்படத் தொடங்கினால் சில நிமிடங்களே கெடு. சூடாக்கிப் பூசும் விலங்குப்பசை என்றால் ஒரு நிமிடம் தாண்டினாலே பாகு இறுகத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் நட்டைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஸ்பூல் கிளாம்ப்

நூல்கண்டு போன்ற இரண்டு மரவட்டுகள், நடுவே ஒரு போல்ட், மேலே ஒரு விங் நட் (விரலால் திருகக் காதுகள் உள்ள நட்). உடலோடு மேற்பலகையையும் பின்பலகையையும் ஒட்ட இதைவிடப் பொருத்தமானது இல்லை. வயலின் செய்பவர்களும் இதே வகையைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒரு முழு அளவு கிட்டாருக்கு 30 முதல் 36 வரை வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்துவிடுங்கள். பாதியில் நிறுத்தினால் மீதிப் பாதியைச் செய்யவே மாட்டீர்கள். இது என் சொந்த அனுபவம்.

1. 35 மி.மீ. விட்டமுள்ள உருளைக் கட்டையை 25 மி.மீ. நீளத் துண்டுகளாக அறுங்கள். ஒரு கிளாம்புக்கு இரண்டு வட்டுகள். விரிசல் விழக்கூடும் என்பதால் நான்கைந்து கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். வாள் சாய்ந்தால் வட்டின் முகமும் சாயும். அறுக்கும்போது கட்டைக்கு ஒரு தடுப்பு வைத்துக்கொண்டால் எல்லாம் ஒரே அளவில் வரும்.

2. ஒவ்வொரு வட்டிலும் ஒரு முகத்தில் 3 மி.மீ. தடிமனுள்ள தோல் அல்லது கார்க் ஒட்டுங்கள். காய்ந்ததும் ஓரத்தைக் கத்தியால் செதுக்குங்கள்.

3. மையத்தில் 6.5 மி.மீ. துளை போடுங்கள். தோலை ஒட்டிய பிறகு துளைப்பதால், இரண்டும் ஒரே கோட்டில் அமையும். வட்டு நழுவாமலிருக்க ஒரு பலகையில் ஆங்கில வி எழுத்துப்போல் பள்ளம் வெட்டி அதில் சாய்த்துப் பிடியுங்கள்.

4. 6 மி.மீ. மரைக்கம்பியை 200 மி.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். இந்த நீளத்துக்கு ஒரு கணக்கு உண்டு: கிட்டார் உடலின் ஆழமான இடம் சுமார் 125 மி.மீ., இரண்டு வட்டுகளும் தோலும் சேர்ந்து 56 மி.மீ., மீதி நட்டுகளுக்கு. உங்கள் கிட்டார் மெலிதானது என்றால் குறைத்துக்கொள்ளலாம். வெட்டிய முனையை அரத்தால் சீவிவிடுங்கள். இல்லையென்றால் நட் ஏறாது, விரலும் கிழியும்.

5. கீழ் வட்டைக் கம்பியின் ஒரு முனையில், இருபுறமும் நட் போட்டு அசையாமல் நிறுத்துங்கள். தோல் ஒட்டிய முகம் மேலே பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்து நட்டு தோலுக்குமேல் துருத்தி நிற்காதபடி, முதலிலேயே சிறு குழி குடைந்து அதனுள் இறக்குங்கள். மேல் வட்டு தளர்வாக ஏறி இறங்கட்டும்; அதன்மேல் வாஷர், பிறகு விங் நட்.

6. நடுவில் தெரியும் மரையின்மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செருகுங்கள். கம்பி கிட்டாரின் பக்கப்பலகையை ஒட்டியே நிற்கும். உறையில்லாத மரை பக்கப்பலகையில் அரம்போல் உராய்ந்து கோடு கிழித்துவிடும்.

மாட்டும்போது கழுத்துப் பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று, இடுப்பில் இரண்டு என நான்கை முதலில் போடுங்கள். பலகை நகரவில்லை என்று உறுதியானதும் இடைவெளிகளை நிரப்புங்கள். வட்டின் பாதிதான் பலகைமேல் உட்காரும். மறுபாதி அந்தரத்தில் நிற்கும். அதனால் அளவுக்கு மீறித் திருகினால் கம்பி வளைந்து, வட்டின் விளிம்பு பலகையைக் கடிக்கும். இரண்டு விரலால் எவ்வளவு திருக முடியுமோ அவ்வளவு போதும். பசை சீரான சிறு மணிகளாக விளிம்பில் வரிசையாக எட்டிப் பார்த்தால் அழுத்தம் சரி. ஓரிடத்தில் மட்டும் ஒழுகி, பக்கத்தில் வறண்டிருந்தால் அங்கே கவனியுங்கள்.

பிவிசி வளையங்கள்

பக்கப்பலகையின் உள்விளிம்பில் ஒட்டும் லைனிங் பட்டைக்கு இவை. 50 மி.மீ. பிவிசி குழாயை 20 மி.மீ. அகல வளையங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஓரிடத்தில் வாளால் குறுக்கே பிளந்தால் முடிந்தது. பக்கப்பலகை 2 மி.மீ., லைனிங் 6 மி.மீ. என்று வைத்தால், பிளவை 8 மி.மீ. அளவுக்கு விரித்துத்தான் மாட்ட வேண்டும். அந்த விரிப்பே அழுத்தமாக மாறுகிறது. போதவில்லை என்றால் வளையத்தை அகலமாக வெட்டுங்கள். கடிக்கும் முனைகளை உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள். ஒரு விளிம்புக்கு ஐம்பது அறுபது வேண்டியிருக்கும்.

மரத்தாலான துணிக்கிளிப்பும் இதே வேலையைச் செய்யும். அதன் வாயருகே ரப்பர் பேண்டை நான்கைந்து சுற்றுச் சுற்றினால் பிடி நன்றாகக் கூடும்.

வளைகம்பி மேடை

எனக்குப் பிடித்தது இதுதான். மேலே ஒரு பலகை, கீழே ஒரு பலகை. நடுவில் கிட்டாரின் மேற்பலகையை வைத்து, பிரேஸ்களின்மேல் வளையும் கம்பிகளை ஊன்றினால் அவை நிமிரப் பார்த்து அழுத்தும். கையெட்டாத நடுப்பகுதியைக்கூடத் தாடையே இல்லாமல் பிடித்துவிடலாம்.

18 மி.மீ. ஒட்டுப்பலகை இரண்டை ஒன்றோடொன்று ஒட்டி 36 மி.மீ. ஆக்கிக்கொள்ளுங்கள். அப்படி மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று, 60 செ.மீ. சதுரம் போதும். நான்கு மூலைகளிலும் 12 மி.மீ. மரைக்கம்பி, ஒவ்வொரு பலகைக்கும் இருபுறமும் நட். இவ்வளவு கனம் எதற்கு என்று தோன்றலாம். ஒரு கம்பி மூன்று கிலோ தள்ளினால், நாற்பது கம்பிகள் மேடையின் மேல்பக்கப் பலகையை 120 கிலோ விசையோடு மேலே தூக்குகின்றன. மெல்லிய பலகை வில்லாக வளையும். வளைந்தால் நடுக்கம்பிகள் தளர்ந்துபோகும். அழுத்தம் அதிகம் தேவைப்படுவது அங்கேதான்.

கம்பிகளுக்கு 5 மி.மீ. ஃபைபர்கிளாஸ் தண்டுகள் சிறந்தவை. நேரான இழையுள்ள மரச்சட்டங்களையும் மூங்கில் பிளாச்சுகளையும் பயன்படுத்தலாம், ஆனால் ஒன்றுக்கொன்று வலு மாறுபடும். பிரேஸின் உச்சிக்கும் மேடையின் மேல்பக்கப் பலகைக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து, அதைவிட 20 மி.மீ. கூடுதலாகக் கம்பியை வெட்டுங்கள். 60 செ.மீ. கம்பியில் அந்த 20 மி.மீ. மிகுதி நடுவில் சுமார் 70 மி.மீ. வளைவாகத் தெரியும்.

இந்தக் கம்பிகளிடம் ஓர் அருமையான குணம் உண்டு. வளையத் தொடங்கிவிட்டால், இன்னும் கொஞ்சம் வளைத்தாலும் அழுத்தம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். ஆகவே நீளத்தில் ஓரிரு மில்லிமீட்டர் பிசகினால் கவலையில்லை. மாறாக, தடிமனில் சிறிது மாறினாலும் விளைவு பெரிது: விசை விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 5 மி.மீ. கம்பிக்குப் பதில் 6 மி.மீ. போட்டால் அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும். நீளத்தை இரு மடங்காக்கினால் கால்பங்காகக் குறையும். சந்தேகமிருந்தால் சமையலறைத் தராசைக் கீழ்ப்பலகையில் வைத்து அதன்மேல் ஒரு கம்பியை ஊன்றிப் பாருங்கள். தராசின் உயரத்துக்கேற்ப அடியில் ஏதாவது வைத்தோ எடுத்தோ வளைவைச் சரிசெய்துகொண்டால், எண் கண்ணெதிரே தெரியும். என்னுடைய 60 செ.மீ. கம்பிகள் மூன்று கிலோவுக்குச் சற்று மேலே காட்டின.

இரண்டு எச்சரிக்கைகள். ஃபைபர்கிளாஸை வெட்டும் இடத்தில் முதலில் டேப் சுற்றி, தண்ணீர் தொட்டு வெட்டுங்கள். அதன் சிலாம்பு கையில் ஏறினால் நாள்கணக்கில் அரிக்கும், தூசியை மூச்சில் இழுக்கவே கூடாது. அடுத்து, ஊன்றும்போது கண்ணாடி அணியுங்கள். முனைகளில் ரப்பர் மூடி போட்டாலும் என்றாவது ஒன்று நழுவித் தெறிக்கும். அது முகத்தின் உயரத்தில்தான் தெறிக்கும்.

கேம் கிளாம்ப்

கேம் என்பது மையம் விலகிச் சுழலும் வட்டு; அதன் பிடியைத் திருப்பினால் அழுத்தும் மரக் கிளாம்ப் இது. எடை குறைவு என்பதால் கிட்டாரின்மேல் தொங்கினாலும் இணைப்பை இழுக்காது. இதற்கு மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். கீழே உள்ள அளவுகள் 110 மி.மீ. ஆழத்துக்கு எட்டும் கிளாம்புக்கானவை.

தண்டு: 25 மி.மீ. அகலம், 12 மி.மீ. தடிமன், 300 மி.மீ. நீளம் கொண்ட முடிச்சில்லாத கடினமரம். தாடைகள் இரண்டு: ஒவ்வொன்றும் 170 மி.மீ. நீளம், 35 மி.மீ. உயரம். தாடையில் தண்டு நுழையும் செவ்வகத் துளையை உளியால் குடையத் தொடங்காதீர்கள். தாடையை மூன்று அடுக்காகச் செய்யுங்கள்: வெளியே இருபுறமும் 8 மி.மீ. பட்டை, நடுவில் 12 மி.மீ. பட்டை. நடுப்பட்டையை வெட்டி, தண்டின் அகலத்துக்கு இடைவெளி விட்டு ஒட்டினால் துளை தானாகவே அமைந்துவிடும். ஒட்டும்போது தண்டின் துண்டு ஒன்றில் மெழுகு தடவி அந்த இடைவெளியில் வைத்து, பசை இறுகுமுன் உருவிவிடுங்கள். நிலையான தாடைக்கு இறுக்கமான துளை. பசை போட்டு இரண்டு ஆணியால் நிறுத்துங்கள். நகரும் தாடைக்கு அரை மில்லிமீட்டர் தளர்வு வேண்டும்.

நகரும் தாடையின் முனைப்பக்கம் 60 மி.மீ. நீளத்துக்கு நடுப்பட்டையில் கீழ்விளிம்பில் 8 மி.மீ. மட்டும் விட்டு மீதியைக் கழித்துவிடுங்கள். கேம் உட்காரும் பள்ளம் அதுதான். ஒட்டிக் காய்ந்தபின், முனையிலிருந்து 100 மி.மீ. தள்ளி, கீழ்முகத்திலிருந்து 8 மி.மீ. உயரத்தில் 5 மி.மீ. துளை ஒன்றைக் குறுக்காகப் போடுங்கள். பிறகு முனையிலிருந்து அந்தத் துளைவரை கீழ்முகத்துக்கு இணையாக வாளால் அறுங்கள். கீழே 8 மி.மீ. தடிமனில் ஒரு நாக்கு பிரிந்து நிற்கும். கேம் அழுத்தும்போது கீழே வளைவது இந்த நாக்குதான். அந்தத் துளை வீண் வேலை என்று நினைத்து நான் முதல் கிளாம்பில் விட்டுவிட்டேன். மூன்றாவது முறை பிடியைத் திருப்பியதும் வாள் நின்ற இடத்திலிருந்து இழையோடு ஒரு வெடிப்பு ஓடி, தாடை இரண்டாகக் கையில் வந்தது. வெடிப்பின் கூர்முனையில் குவியும் விசையை வட்டத் துளை பரப்பிவிடுகிறது.

இனி கேம். 11.5 மி.மீ. தடிமனுள்ள கடினமரத்தில் 30 மி.மீ. விட்டத்தில் ஒரு வட்டம், அதிலிருந்து 70 மி.மீ. நீளும் பிடி. சுழலும் ஆணிக்கான துளை வட்டத்தின் மையத்தில் வரக்கூடாது. மையத்திலிருந்து சரியாக 3 மி.மீ. விலகியிருக்க வேண்டும். இந்த விலகல், விட்டத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருந்தால், மரத்தோடு மரம் உராயும் பிடிப்பே கேமைத் தடுத்து நிறுத்தும். கையை எடுத்தாலும் தளராது. பேராசைப்பட்டு 5 மி.மீ. விலக்கினால் நிறைய நகரும், ஆனால் கையை எடுத்த கணத்தில் பிடி திரும்பிக்கொள்ளும். ஆணியின் மையம் நாக்கின் மேல்முகத்திலிருந்து 12 மி.மீ. உயரத்தில் இருக்கட்டும், திறந்த நிலையில் கேம் நாக்கை மெல்லத் தொட்டபடி நிற்கும்.

தாடைகளுக்குக் கார்க் ஒட்டுங்கள். நாக்கில் ஒட்டுவது ஒரு துண்டாக, முனைப்பக்கம் 60 மி.மீ. போதும். தண்டுக்கு மட்டும் மெழுகோ வார்னிஷோ தடவாதீர்கள். நகரும் தாடை அழுத்தத்தில் சற்றே சாய்ந்து தண்டைக் கவ்வுவதால்தான் நிற்கிறது. வழுவழுப்பாக்கினால் சறுக்கிவிடும்.

பிரிட்ஜ் பெயர்ந்துவிட்டால்

பிரிட்ஜ் என்பது தந்திகளைத் தாங்க மேற்பலகையில் ஒட்டியிருக்கும் கட்டை. பழுதுபார்ப்பில் அடிக்கடி வருவது இது. ஒலித்துளை வழியாகக் கை நுழைத்து, ஆழமான கிளாம்ப் மாட்டுவது வழக்கம். அப்படி ஒன்று இல்லாவிட்டாலும், ஆணிமுளை கொண்டு கம்பிகளைப் பிடிக்கும் எஃகுத்தந்தி கிட்டார் என்றால் பிரிட்ஜில் ஏற்கெனவே ஆறு துளைகள் இருக்கின்றன. முதல் துளையிலும் ஆறாவது துளையிலும் 4 மி.மீ. போல்ட் ஒவ்வொன்றை விட்டு, உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு அணைக்கட்டைகளை (அணைத்துத் தாங்கும் மரக்கட்டைகள்) வைத்து நட்டால் இறுக்கினால் அதுவே கிளாம்ப்.

உள் அணைக்கட்டை பிரேஸ்களின்மேல் உட்கார்ந்துவிடக் கூடாது. சிறு கண்ணாடியும் விளக்கும் வைத்து உள்ளே பார்த்து, பிரேஸ் ஓடும் இடங்களில் கட்டையில் பள்ளம் வெட்டுங்கள். அதன்மேல் பேக்கிங் டேப் ஒட்டினால் வழியும் பசை பிடிக்காது. போல்ட்களுக்கு மெழுகு தடவ மறந்தால் பிரிட்ஜோடு அவையும் நிரந்தரமாகிவிடும். வெளி அணைக்கட்டையின் அடிப்பரப்பை, பிரிட்ஜின் இரு சிறகுகளையும் (இருபக்கமும் நீளும் மெல்லிய பகுதிகள்) தொடும்படி செதுக்குங்கள். சிறகுகளின் நுனியும் தூக்கிக்கொள்வது உண்டு. நைலான் தந்தி கிட்டாரில் இந்தத் துளைகள் கிடையாது. அதற்கு மேலே சொன்ன கேம் கிளாம்பையே, பிரிட்ஜ் வரை எட்டும் அளவுக்குத் தாடையை நீட்டி, ஒலித்துளை வழியே நுழையும்படி மெலிதாக்கிச் செய்துகொள்ள வேண்டும்.

ஆப்பும் பலகையும்

இரு பாதிப் பலகைகளை நடுவில் இணைத்து மேற்பலகை ஆக்குவதற்கு கிளாம்பே வேண்டாம். ஒரு தட்டையான பலகையின் ஒரு பக்கத்தில் நீளச் சட்டத்தைத் திருகாணியால் பொருத்துங்கள். எதிர்ப்பக்கத்தில் சற்றுச் சாய்வாக இன்னொரு சட்டம். இடையில் அதே சாய்வுள்ள ஆப்பு, 100 மி.மீ. நீளத்துக்கு 10 மி.மீ. சரிவு இருந்தால் தட்டியபின் தானாகத் திரும்பாது. இணைப்புக்கு அடியில் மெழுகுக் காகிதம் விரியுங்கள். மெல்லிய பலகைகள் அழுத்தத்தில் கூரைபோல் எழும்பும் என்பதால், முதலில் இணைப்பின்மேல் ஒரு கனமான கட்டையை ஏற்றிவிட்டுத்தான் ஆப்பைத் தட்ட வேண்டும். சுத்தியல் வேண்டாம், ஒரு மரத்துண்டு போதும். பசை காயுமுன் ஆப்பை எடுத்துப் பார்க்கும் ஆசை வரும். ஆப்பசைத்த குரங்கின் கதை நமக்கெல்லாம் தெரியும்.

டியூப் ரப்பர்

கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் முறிந்த கிட்டாருக்கு எந்தத் தாடையும் சரியாக உட்காராது; எல்லாப் பக்கமும் வளைவும் சாய்வும். பழைய சைக்கிள் டியூப்பை நீளவாக்கில் பிளந்து, 25 மி.மீ. அகல நாடாவாக வெட்டி, உள்ளிருக்கும் வெள்ளைத் தூளைக் கழுவிக் காயவையுங்கள். முறிவை ஒருமுறை பசையில்லாமல் சேர்த்து, நாடாவைச் சுற்றிப் பார்த்து, விரிசல் கோடு விரல் நகத்துக்குத் தட்டுப்படவில்லை என்று உறுதிசெய்யுங்கள். பிறகு பசையை விரிசலின் ஆழம்வரை செலுத்தி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் நாடாவை ஒவ்வொரு சுற்றுக்கும் இழுத்து இழுத்துக் கட்டுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தையதன்மேல் அழுத்தத்தைக் கூட்டுகிறது. ஏழெட்டுச் சுற்றில் அது வியப்பூட்டும் இறுக்கத்துக்கு வந்துவிடும். பிளாஸ்டிக் தாளை விடாதீர்கள்: நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பூசிய பழைய கிட்டார்களில் ரப்பர் நேரடியாகப் பட்டால் பூச்சு இளகிக் கறை பிடிக்கும்.

சுற்றி முடித்ததும் கிட்டாரைப் பக்கவாட்டில் தூக்கி, கழுத்தின் ஓரத்தோடு ஒரு கண்ணை வைத்துத் தலைவரை பாருங்கள். தலை ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தால் இப்போதே அவிழ்த்து மறுபடி கட்டலாம். பசை இறுகியபின் முடியாது. நேராக இருந்தால் சுவரில் சாய்க்காமல் தட்டையாகக் கிடத்தி, 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள்.